விலை ஏறினா ஃப்ரீ மார்க்கெட், இறங்கினா கவர்மெண்ட்டு

பழனி மலைல காப்பி விளையுற எங்க தாண்டிக்குடி பக்கம் இப்ப யாரு போனை எட்டிப் பார்த்தாலும் நியூயார்க் காப்பிச் சந்தை ரேட்டுதான் ஓடிட்டிருக்கு. ராத்திரி அங்க என்ன விலைக்கு முடிஞ்சுதோ அது விடியறதுக்குள்ள குரூப்ல வந்துரும், கீழ வத்தலக்குண்டுல வியாபாரி என்ன கேக்குறாருங்கறது அதுக்கப்புறம்தான். பாஸ்போர்ட்டே எடுக்காத ஆளுங்க ஒரு பவுண்டு எடைக்கு இத்தனை சென்ட்டுன்னு கணக்குப் போடுறதைப் பார்த்தா சிரிப்பா இருக்கும், ஆனா ஒருத்தரும் தப்பா போட மாட்டாங்க. 2025 பிப்ரவரில அராபிக்கா காப்பி பவுண்டு நாலு டாலரைத் தாண்டுச்சு இல்ல, அதுல இருந்து எங்க ஊர்ல எல்லாருமே பொருளாதார மேதை. "கவர்மெண்ட்டு கைய வைக்காம இருந்தாலே போதும்ப்பா, விவசாயி பொழச்சுக்குவான்"ங்கறது டீக்கடைல தினசரி கேக்குற வசனம்.

நானும் முக்கால்வாசி அந்தக் கட்சிதான். கால்வாசி இடிக்குது. அந்தக் கால்வாசியைத்தான் எழுதி வைக்கலாம்னு.

இப்ப இருக்குற பசங்களுக்கு காப்பி போர்டு காலம்னா என்னன்னே தெரியாது. ரெண்டாம் உலகப்போர்ல ஐரோப்பா மார்க்கெட் அடைபட்டு காப்பி வாங்க ஆளில்லாம தோட்டக்காரங்க திண்டாடினப்ப வெள்ளைக்காரன் கவர்மெண்ட்டு கொண்டு வந்த ஏற்பாடு அது, 1940ல அவசரச் சட்டம், 1942ல காப்பி சட்டம். வீட்டுல குடிக்கவும் விதைக்கும் கொஞ்சம் வச்சுக்கலாம், மத்த எல்லாத்தையும் போர்டுக்குத்தான் போட்டாகணும். போர்டு எல்லார் காப்பியையும் ஒண்ணாச் சேர்த்து ஏலம் விட்டு, உள்ளூர்ல வித்தது வெளிநாட்டுக்கு வித்தது எல்லாத்தையும் கூட்டி சராசரி பண்ணிப் பிரிச்சுக் கொடுக்கும். போர் 1945ல முடிஞ்சுது. ஏற்பாடு முடிய 1996 ஆச்சு. அவசரத்துக்குன்னு ஆரம்பிக்கிற எந்த அரசாங்க ஏற்பாட்டுக்கும் இதான் ஜாதகம்.

அது எப்படி நடந்துச்சுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. பார்ச்மென்ட்டை, அதாவது உள்தோலோட காயவச்ச காப்பிக்கொட்டையை, மூட்டை கட்டி லாரில ஏத்தி பட்டிவீரன்பட்டி கிடங்குல போட்டா ஒரு ரசீது கொடுப்பாங்க, கையோட ஒரு தொகை முன்பணம். மிச்சம் எப்ப வரும் எவ்ளோ வரும்னு கிடங்குக்காரருக்கும் தெரியாது. இந்த கிரேடுக்கு இத்தனை பாயின்ட்டுன்னு ஒரு கணக்கு இருக்கும், பாயின்ட்டுக்கு இவ்ளோ காசுன்னு போர்டு அறிவிக்க அறிவிக்க தவணை தவணையா வரும், அடுத்த வருஷக் காப்பி பூத்துக் காய்ச்சுப் பழுத்து அதையும் கொண்டு போய்ப் போட்ட பிறகும் முந்தின வருஷத்துப் பாக்கி வந்துட்டிருக்கும். இதுல எங்க தோட்டம் கணக்கு வைக்கிறது, எங்க கூலி கணக்கு பார்க்குறது. காப்பி வித்தோமா, கடன் கொடுத்தோமான்னே தெரியாத ஒரு நிலைமை.

காசு லேட்டா வந்ததைக் கூட விட்டுருவேன். எனக்கு அதைவிடப் பெரிய நஷ்டமா படுறது வேற ஒண்ணு. பழுத்ததை மட்டும் பொறுக்கி, மிதக்குறதை அரிச்சு எடுத்து, அன்னன்னைக்கே பழத்தோல் உரிக்கிற பல்பர் மெஷின்ல போட்டு, வழவழப்பு போற வரைக்கும் ஊறவச்சுக் கழுவி, களத்துல மணிக்கொருதரம் கெளறி விடுறவன் ஒருத்தன். பச்சைக்காயும் பழமுமா உருவி அரைகுறையா காயவைக்கிறவன் பக்கத்துத் தோட்டத்துக்காரன். கிடங்குல கிரேடு பிரிச்சு பாயின்ட் போட்டாங்கதான், இல்லைங்கல. ஆனா அந்த கிரேடுக்குள்ள போயிட்டா ரெண்டு பேரு காப்பியும் ஒரே குவியல். வாங்குறவன் எங்கயோ, விளைவிச்சவன் எங்கயோ, நடுவுல குவியல். ஐம்பது வருஷம் இப்படி ஓடினா, நம்ம காப்பி எப்படி இருக்குன்னு விளைவிக்கிறவனுக்கே தெரியாமப் போயிரும். இன்னைக்கும் எங்க ஊர்ல பாதி பேரு சொந்தத் தோட்டத்துக் காப்பியை வறுத்துக் குடிச்சதில்லை, கடைல சிக்கரி கலந்ததை வாங்கித்தான் குடிக்கிறாங்க. விலைங்கறது வெறும் காசு இல்ல, உன் சரக்கு இப்படி இருக்குன்னு வாங்குறவன் சொல்லி அனுப்புற சேதி. போர்டு அந்தச் சேதியை நடுவுலயே நிறுத்தி வச்சிருச்சு.

திருட்டுத்தனமும் இருந்துச்சு, சொல்லாம விட்டா சரித்திரம் கோவிச்சுக்கும். வாழைத்தார் லோடுக்கு அடில மூட்டை போட்டு ராத்திரில மலை இறக்கின கதையெல்லாம் பெரிசுங்க சிரிச்சுக்கிட்டே சொல்லும். சொந்த நிலத்துல விளைஞ்சதை வித்தா குத்தம்னு சட்டம் போட்டா அப்படித்தான் ஆகும்.

ஆனா எங்க சித்தப்பா இன்னைக்கும் போர்டு கட்சி. "டே, அப்ப ராத்திரி தூக்கம் வந்துச்சுடா. இப்ப பிரேசில்ல பனி பெஞ்சா எனக்கு இங்க காய்ச்சல் வருது" அப்படிம்பாரு. சும்மா சொல்லல. அவரு வயசு ஆளுங்க வாழ்க்கைல பாதியை ஒரே மாதிரி விலைல ஓட்டிட்டு, மீதியை ராட்டினத்துல உக்காந்துட்டு ஓட்டுனவங்க.

நடந்த வரிசையைப் பாருங்க. உலக அளவுல ஏத்துமதிக்கு கோட்டா வச்சு விலையைப் பிடிச்சு வச்சிருந்த காப்பி ஒப்பந்தம் 1989 ஜூலைல உடைஞ்சுது. நம்ம காப்பியை மூட்டை மூட்டையா வாங்கிட்டிருந்த சோவியத் யூனியன் 1991ல இல்லாமயே போயிருச்சு. போர்டு தாங்க முடியாம கதவைக் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்துச்சு, 1992ல ஒரு பங்கை உள்நாட்டுல நீயே வித்துக்கோன்னாங்க, அடுத்த வருஷம் பாதியை எங்க வேணா வித்துக்கோ, 1995ல சின்ன விவசாயிக்கு முழுசா விடுதலை, 1996ல எல்லாருக்கும். இதுக்கு நடுவுல 1994ல பிரேசில்ல அடுத்தடுத்து ரெண்டு தடவை உறைபனி விழுந்து விலை ரெண்டு மடங்குக்கு மேல எகிறிருச்சு. கதவு திறந்த நேரமும் பனி விழுந்த நேரமும் ஒண்ணாப் போனதால எங்க ஊர்ல எல்லாரும் என்ன நினைச்சாங்கன்னா, ஃப்ரீ மார்க்கெட்னாலே விலை ஏறும்னு. மச்சு வீடு கட்டினாங்க, ஜீப்பு வாங்கினாங்க. மார்க்கெட்டுக்கு எங்க மலைல கிடைச்ச நல்ல பேரு பாதிக்கு மேல பிரேசில் பனி வாங்கிக் கொடுத்தது.

2001ல அதே நியூயார்க் ரேட்டு ஐம்பது சென்ட்டுக்குக் கீழ போச்சு. பழம் பறிக்கிற கூலிக்குக் கூட கட்டலைன்னு செடிலயே விட்ட தோட்டம் உண்டு. அப்ப எல்லாரும் ஃப்ரீ மார்க்கெட்டைத் திட்டினாங்க. "இதுக்குத்தான் போர்டு வேணுங்கறது"ன்னு ஊர்க்கூட்டத்துல பேசினவரு யாருன்னு எனக்குத் தெரியும், இன்னைக்கு டீக்கடைல "கைய வைக்காம இருந்தா போதும்"ங்கறதும் அவரேதான். பேரு சொல்லல, மாமன் முறை வேணும்.

அந்தச் சரிவுக்குக் காரணம் தேடிப் போனா ஒரு வேடிக்கை இருக்கு. பெருங்காரணம் வியட்நாம். எண்பதுகள்ல காப்பின்னு பேருக்கு ஏதோ வச்சிருந்த நாடு, 2000 வாக்குல கொலம்பியாவையே தாண்டி உலகத்துல ரெண்டாவது இடத்துக்கு வந்துச்சு. அது தானா நடக்கல. அந்த நாட்டு அரசாங்கமே மேட்டு நிலத்துல ஜனங்களைக் குடியேத்தி, நிலம் கொடுத்து, கடன் கொடுத்து நடவெச்சது. ஆக, எங்க ஊர்ல ஃப்ரீ மார்க்கெட்டால வந்த வினைன்னு எதைச் சொன்னோமோ, அதுல பெரும்பங்கு இன்னொரு தேசத்து கவர்மெண்ட்டு கைய வச்ச வினை. சுத்தமான சந்தைன்னு ஒண்ணை நான் எங்கயும் பார்த்ததில்லை, எவனோ ஒருத்தன் எங்கயோ கைய வச்சுக்கிட்டேதான் இருக்கான்.

விலையை அரசாங்கம் தாங்கிப் பிடிச்சா மட்டும் நிக்குமா? பிரேசில் பண்ணிப் பார்த்துச்சு. 1931ல இருந்து 1944 வரைக்கும் கிட்டத்தட்ட 7.8 கோடி மூட்டை காப்பியை எரிச்சும் கடல்ல கொட்டியும் அழிச்சாங்க, விலை விழக்கூடாதுன்னு. அவங்க எரிக்க எரிக்க மத்த நாட்டுக்காரன் அந்த விலையை நம்பிச் செடி வச்சான். அவ்ளோ தூரம் போக வேணாம், நம்ம மிளகையே எடுத்துக்கங்க. சில்வர் ஓக் நிழல் மரத்துல ஏத்தி விட்ட மிளகுக் கொடிதான் எங்க பக்கம் காப்பி கவுத்துற வருஷம் கை கொடுக்குறது. வியட்நாம் மிளகு இலங்கை வழியா சலுகை வரில உள்ள வருதுன்னு 2017 டிசம்பர்ல கிலோவுக்கு 500 ரூபாய் குறைஞ்சபட்ச இறக்குமதி விலைன்னு மத்திய அரசு போட்டுச்சு. அந்த நியூஸ் வந்த அன்னைக்கு எங்க ஊர்ல பட்டாசு போடாத குறை. நம்ம மிளகும் ஐநூறுக்குப் போயிரும்னு மூட்டையைக் கட்டி மச்சுல ஏத்தி வச்சவங்க இருக்காங்க. 2018, 2019ல நானூறுக்கும் கீழ சுத்திட்டிருந்துச்சு. நெச விலை கம்மியா இருந்தாலும் பில்லுல ஐநூறுன்னு எழுதிட்டா சரக்கு உள்ள வந்துரும், அவ்ளோதான். ஏறுச்சு, ஏறலைன்னு சொல்லல, ஆனா அது சில வருஷம் கழிச்சு, உலகத்துலயே ஏறினப்ப ஏறுச்சு.

கடன் தள்ளுபடி கதை வேற. 2010ல காப்பி விவசாயிக்கு கடன் நிவாரணம் வந்துச்சு, நெசமாவே நொடிஞ்சு போனவங்களுக்கு மூச்சு விட முடிஞ்சுது, மறுக்கல. மாட்டை வித்து தவணை கட்டினவன் மட்டும் முழிச்சுக்கிட்டு நின்னான்.

இப்ப ஒரு வம்பு பேசுறேன், திட்டுறவங்க திட்டிக்கங்க. காப்பி விக்கிறப்ப "மார்க்கெட் ரேட்டு என்னவோ அதைக் கொடு"ன்னு வியாபாரிகிட்ட மல்லுக்கு நிக்கிற அதே தோட்டக்காரரு, பழம் பறிக்க ஆள் கேக்குறப்ப மட்டும் "கூலியை ஏத்திட்டாங்க, நூறு நாள் வேலை வந்து ஆளையே கெடுத்துருச்சு"ங்கறாரு. அண்ணே, கூலியும் விலைதானே. காப்பி ஏறினப்ப நீங்க ஏத்திக் கேட்டது நியாயம்னா, ஆளு கிடைக்காதப்ப பழம் பறிக்கிற அந்தம்மா கிலோவுக்கு ரெண்டு ரூபா கூடக் கேக்குறது எப்படி அநியாயமாகும்? நூறு நாள் வேலை அரசாங்கத் தலையீடுதான், சந்தேகமே இல்ல. அதுக்கு முன்னாடி ஊர்க் கட்டுப்பாடுன்னு தோட்டக்காரங்க எல்லாம் பேசி வச்சுக்கிட்டு ஒரே கூலி கொடுத்தது என்ன, தலையீடு இல்லையா? அந்தக் கட்டுப்பாட்டை உடைக்க ஒரு போட்டி தேவைப்பட்டுச்சு, அது கவர்மெண்ட்டு ரூபத்துல வந்துச்சு.

அடுத்து வியாபாரி. நான் அவங்களுக்கு எதிரி இல்ல, மழைல ரோடு சரிஞ்ச அன்னைக்கும் பணத்தோட மேல வர்றவங்க அவங்கதான். ஆனா ஜூன் மாசம் பள்ளிக்கூட ஃபீஸு கட்ட அட்வான்ஸ் வாங்குறோம் பாருங்க, அங்கயே பேரம் முடிஞ்சுருது. தை மாசம் மூட்டையைப் பிரிச்சு கை நிறைய பார்ச்மென்ட்டை அள்ளி, ஒரு கொட்டையைத் தோல் உரிச்சு முன்பல்லால கடிச்சுப் பார்ப்பாரு. "ஈரம் இருக்கே, பன்னெண்டு இருக்கும்போல." பத்துல நிக்கணும். பன்னெண்டா பத்தான்னு முடிவு பண்ற கருவி அவரு பல்லு. அதுக்கு மேல அவுட்டர்ன் கழிவு, அதாவது தோலு போக எவ்ளோ சுத்தக் காப்பி தேறும்ங்கற கணக்கு, அதுவும் அவரு கண்ணு மதிப்புதான். கடன் இல்லாதவன் "சரி, நான் வேற ஆளுக்குப் போட்டுக்கறேன்"னு மூட்டையைக் கட்டிருவான். கடன் வாங்கினவன் தலையாட்டுவான். நியூயார்க் விலை உள்ளங்கைல இருந்தும் அந்த நிமிஷத்துக்கு அது உதவாது. இதை ஃப்ரீ மார்க்கெட்டுன்னு கூப்பிடுறதுல எனக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கு.

அப்ப போர்டே திரும்ப வரட்டுமான்னா, ஐயோ வேணவே வேணாம். வாங்குறது விக்கிறதுல கவர்மெண்ட்டு வந்து உக்காரவே கூடாதுங்கறதுல நான் மாறல. ஆனா தனி ஆளால முடியாத வேலைன்னு ஒரு ரகம் இருக்கு. மலைவாழைல முடிக்கொத்து நோய் வந்தா என் தோட்டத்துல நான் பிடுங்கி என்ன பிரயோஜனம், பக்கத்துல ஒருத்தன் பிடுங்காம விட்டா அசுவினிப் பூச்சி நோயைத் தூக்கிட்டு வந்துரும். காப்பில காய்த்துளைப்பான் வண்டும் அப்படித்தான், 1990ல நீலகிரில கூடலூர் பக்கம்தான் இந்தியாவுலயே முதல்ல கண்டுபிடிச்சாங்க, ஒருத்தன் உதிர்ந்த பழத்தைப் பொறுக்காம விட்டா ஊருக்கே பரவும். இதுக்கெல்லாம் சந்தை வழி சொல்லாது. தடியன்குடிசைல பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி நிலையமும், தாண்டிக்குடில காப்பி போர்டு ஆராய்ச்சி நிலையமும் இருக்குறது அதுக்குத்தான். போர்டு வியாபாரத்தை விட்டதுக்கு அப்புறம்தான் இந்த வேலைக்கு ஒழுங்கா நேரம் கிடைச்சிருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு.

இங்கயும் சட்டம் தலைகீழா போற இடம் உண்டு. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955ல வந்தது, நல்ல எண்ணம்தான். நாட்டு மரம் பெருசாயிட்டா வெட்ட அனுமதிக்கு அலையணுமேன்னு கன்னா இருக்கும்போதே பிடுங்கிப் போட்டுட்டு சில்வர் ஓக்கை வைக்கிறவங்களை நான் பார்க்குறேன். மரத்தைக் காப்பாத்த வந்த சட்டத்துக்குப் பயந்தே மரம் குறையுது.

எனக்கு வேணுங்கறது ரொம்பச் சின்னது. ஊருக்குப் பொதுவா ஒரு ஈரப்பத மீட்டரு, முத்திரை வச்ச ஒரு தராசு, சின்னதா ஒரு சாம்பிள் எடுத்து உரிச்சு அவுட்டர்ன் பார்க்க ஒரு மெஷினு. மூட்டையைக் கிடங்குல வச்சுட்டு ரசீதைக் காட்டி பேங்குல கடன் வாங்க 2007லயே கிடங்குச் சட்டம் வந்திருக்கு, அந்த மாதிரி கிடங்கு மலை மேல ஒண்ணு வந்துட்டா ஜூன் மாச அட்வான்ஸுக்குக் கை ஏந்த வேணாம். சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன். "மீட்டர் யாருகிட்ட இருக்கும்? சாவி யாருகிட்ட இருக்கும்? அதை முதல்ல சொல்லு"ன்னாரு. நல்ல கேள்வி. மீட்டரை மட்டுமாவது நாங்க பத்து வீடு சேர்ந்து வாங்கிரலாம்னு பேசிட்டிருக்கோம், கார்த்திகைல பறிப்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள. சாவி பிரச்சனை இன்னும் தீரல.