கல்லறைத் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு ஒரு பிரெஞ்சு கிராமத்து இடுகாட்டில் நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். அதை அம்மாவிடம் போனில் சொன்னதுதான் தப்பு. சற்று நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம், "வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கறதுக்கு முன்னாடி தலைக்குக் குளிச்சியாடா?" என்றாள்.

நான் இருப்பது பிரான்ஸில் சேந்த் எத்தியேன் என்ற நகரம். வந்து நாலு வருடம் ஆகிறது. சுற்றிலும் மலை. கும்பகோணத்துக்காரனுக்கு மேடு என்றால் அரசலாற்றுப் பாலம்தான். கேரியரில் ஆள் உட்கார்ந்திருந்தால் அதற்கே இறங்கித் தள்ளுவோம். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில், மட்கார்டில் எழுதிய கடை நம்பரோடு, குரங்கு பெடல் போட்டுப் பழகியவன் நான். இங்கே வந்து இருபத்திரண்டு கியர் சைக்கிள் வாங்கினேன். அத்தனை கியரும் போதாது என்று முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிட்டது.

இந்த ஊரும் சைக்கிள் ஊர்தான். வெலோசியோ என்ற பெயரில் எழுதிய போல் தெ விவி இங்கேதான் வாழ்ந்தார். மலை ஏற வேண்டுமானால் கியர் மாற்றத்தான் வேண்டும் என்று ஊர் ஊராக மல்லுக்கட்டியவர். டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயக்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டு, ஓடும்போதே சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் டீரெய்லர் கியரை அனுமதித்தது 1937இல். அவர் அதற்குள் போய்விட்டார், 1930இல் இதே ஊரில் டிராம் மோதி. சைவச் சாப்பாட்டுக்காரர் வேறு. நம் ஆள் என்று எனக்கு ஒரு ஒட்டுதல். சைக்கிள்காரர்களுக்கு அவர் வைத்துவிட்டுப் போன விதிகளில் ஒன்று, பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்பது. குடிக்கலாம் ஐயா, தண்ணீர் எங்கே?

என் புகார் மொத்தமும் அதுதான். மற்றபடி இந்தச் சாலைகளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மோன்ப்ரிசோன் வரை ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து 1390 மீட்டரில் இருக்கும் பெயால் கணவாய்க்கு மிதித்தால் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஓரத்தில் மஞ்சள் தலை வைத்த மைல்கல், பைன் வாசனை, எங்கோ மாட்டுக் கழுத்து மணி. முக்கால் மணி நேரத்தில் மூன்று கார்கள் வந்தன. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது இங்கே சட்டம். மூன்றும் ஹாரன் இல்லாமல் பின்னாலேயே ஊர்ந்து வந்து, ஏதோ தேருக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கிப் போயின. ஹாரன் அடிக்காமல் ஒருவன் பின்னால் வந்தால் இன்னும் எனக்கு முதுகு கூசுகிறது.

சரி, தண்ணீர். அன்றைக்கு 34 டிகிரி. முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு, பன்னிரண்டரைக்கே காலி. ஞாயிறு மதியம் பிரெஞ்சு கிராமத்தில் திறந்திருப்பது வானம் மட்டும்தான். ரொட்டிக்கடை காலையோடு சாத்தியாயிற்று. காபிக்கடை சாத்தி எத்தனை வருடமோ, பலகையில் பெயின்ட் உரிந்து கிடந்தது. வீடுகள் வெயிலுக்கு ஜன்னல் பலகைகளை மூடிக்கொண்டு நின்றன. உள்ளே ஆள் இருக்கிறது, முள்கரண்டிச் சத்தம் கேட்கிறது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை.

இந்த ஊர் பழகிவிட்டது என்று யார் கேட்டாலும் சொல்வேன். நிஜமும் அதுதான். என்ன, நாக்கு வறண்டால் மட்டும் சுவாமிமலை ரோட்டுக்குப் போய்விடுகிறேன். பன்னிரண்டு வயதில் சைக்கிளை எந்தத் திண்ணையில் சாய்த்துவிட்டு "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாலும் சொம்பு வந்துவிடும். கூடவே எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை, இந்த வெயிலில் எங்கே சுற்றுகிறாய் என்ற விசாரணையும் வரும். ஒரு பாட்டி தண்ணீர் தரவே மாட்டாள். நீர்மோரில் உப்பைக் கையால் கலக்கி, விரலை உதறிவிட்டு நீட்டுவாள். அந்த விசாரணை அன்று எரிச்சலாக இருந்தது.

"தண்ணீர் தீர்ந்தால் கல்லறைக்குப் போ" என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். நம்மூரில் இதைச் சொன்னால் அடிதடி. ஆனால் உண்மை. செடிகளுக்கு ஊற்ற இங்கே அநேகமாக எந்த இடுகாட்டிலும் ஒரு குழாய் இருக்கும். 'குடிக்க உகந்ததல்ல' என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடுகாட்டு விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு அனுபவம் உண்டு. இரண்டு வருடம் முன்பு ஆயுத பூஜைக்குக் கடையில் சாமந்தித் தொட்டி கொட்டிக் கிடந்தது. இரண்டு வாங்கி, பூவைப் பறித்துக் கட்டி, சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டு வாசலில் நிறுத்தினேன். எதிர்வீட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, யார் இறந்தது என்று கேட்டார். நவம்பர் 1ஆம் தேதி கல்லறையில் வைக்கிற பூவாம் அது.

இரும்புக் கதவைத் தள்ளினேன். குழாய்ப் பக்கத்தில் பச்சைப் பூவாளிகள் மாட்டியிருந்தன. பலகை எதுவும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்து குடித்தேன், இரண்டு பாட்டிலையும் நிரப்பினேன். நிமிர்ந்தால் பின்னால் ஒரு பாட்டி. மாங்காய் திருடிப் பிடிபட்டவன்போல நின்றேன். "போன்ஜூர்" என்றார். எங்கிருந்து என்று கேட்டதும் இந்தியா என்றேன். அதில்லை, இன்றைக்கு எங்கிருந்து மிதித்து வருகிறாய் என்றார். மோன்ப்ரிசோன் என்றேன். பரவாயில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கிவிட்டு, பூவாளியை நிரப்பி என் கையில் கொடுத்தார்.

மூன்றாவது வரிசை. பளிங்குப் பலகையில் குனிந்து மிதிக்கும் சைக்கிள்காரர் உருவம் செதுக்கியிருந்தது. ஜெரேனியப் பூச்செடிக்கு நான் ஊற்ற ஊற்றப் பாட்டி சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு ஞாயிறுகூட வீட்டில் தங்காத மனிதராம். சாப்பாடு ஆறிப்போகுமாம். "இப்போதுதான் இருக்கிறார்" என்று கல்லைக் கையால் தட்டினார். சிரிக்கலாமா என்று தெரியாமல் நான் இன்னொரு பூவாளி பிடித்துவந்தேன். கிளம்பும்போது "போன் கூராஜ்", தைரியமாகப் போ, என்றார். யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் கேட்கவில்லை.

குளித்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் உள்ளே போய், ஷூவைக் கழற்றி, பிரிட்ஜில் இருந்த தயிரைக் கரைத்துக் குடித்துவிட்டு அப்புறம்தான். பாட்டிலில் அந்தத் தண்ணீர் பாதி மிச்சம் இருந்தது. கொட்ட மனசில்லாமல் பால்கனிக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். அதை அவளிடம் சொல்லவில்லை.