வீட்டுச் சாமானைக் குடோனில் வைத்து எடுத்த அனுபவம்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

லாரி வந்து நிற்கிறது, ஏற்றுகிற ஆட்கள் காத்திருக்கிறார்கள், வாடகையில் ஒரு ரூபாய் பாக்கி இல்லை. ஆனாலும் சாமானை வெளியே விட முடியாது என்கிறார் குடோன் அலுவலர். ஒப்பந்தம் கணவர் பெயரில் இருக்கிறது, அவர் வெளிநாட்டில். மனைவி ஆதாரோடு நேரில் வந்திருந்தாலும் செல்லாதாம். ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், அதற்கு மேல் அவருடைய இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபி, மூன்றும் வேண்டும் என்றார்கள். அந்த சிம் ரோமிங் இல்லாமல் அணைந்து கிடந்தது. லாரி வாடகையும் ஆள் கூலியும் அன்றைக்கு வீண். பணம் வாங்கிய நாளில் இந்த விதியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஆகவே முதல் வேலையாக, ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரைப் போடச் சொல்லுங்கள். 'இருவரில் எவர் வந்தாலும் பொருளை ஒப்படைக்கலாம்' என்ற வரி அதில் இருக்க வேண்டும். ஓடிபி ஊரில் இருப்பவரின் எண்ணுக்கு வரட்டும், மின்னஞ்சலுக்கும் வரும்படி கேளுங்கள். அதிகாரக் கடிதத்துக்கு அவர்களே ஒரு படிவம் வைத்திருப்பார்கள். அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலோடு வீட்டில் ஒன்று, உறவினரிடம் ஒன்று கொடுத்து வையுங்கள்.

பழைய அடுக்குமாடியை இடித்துப் புதிதாகக் கட்டக் கொடுத்த சென்னைக் குடும்பங்களுக்கு இந்தத் தேவை அடிக்கடி வருகிறது. கட்டி முடிக்க இரண்டு, இரண்டரை வருடம் என்பார்கள். மூன்று படுக்கையறை வீட்டுச் சாமான் சின்ன வாடகை வீட்டில் அடங்காது. விசாரித்தால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்றில் உங்களுக்கென்று ஒரு சிறு அறை, உங்கள் பூட்டு, சாவி உங்களிடம். இன்னொன்றில் அவர்களே கட்டி எடுத்துப்போய், செங்குன்றம், மாதவரம், பூந்தமல்லிப் பக்கம் பெரிய குடோனில் பலகைத் தட்டில் அடுக்கிவிடுவார்கள். இரண்டாவது மலிவு. ஆனால் நடுவில் ஒரு பெட்டி வேண்டுமென்றால் ஓரிரு நாள் முன்பே சொல்ல வேண்டும், அடுக்கைப் பிரித்து எடுக்கத் தனிக் கட்டணம். பள்ளிச் சான்றிதழ், குழந்தையின் மருத்துவக் கோப்பு, பட்டுப்புடவை போன்று நடுவில் தேவைப்படுகிற எதையும் இந்த வகையில் வைக்காதீர்கள்.

அளவு விஷயத்தில் ஏமாறுவது எளிது. 10க்கு 10 அறை, 8 அடி உயரம் என்றால் 800 கன அடி. இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் பெரும்பாலும் இதில் அடங்கும். 300 லிட்டர் ஃபிரிட்ஜ் ஏறக்குறைய 23 கன அடி, இரும்பு பீரோ 30 கன அடி பிடிக்கும். மூன்று பேர் உட்காரும் சோபா மட்டும் 60 கன அடியைத் தாண்டும், அதன்மேல் கனமாக எதையும் வைக்கவும் முடியாது. பழைய சோபாவாக இருந்தால் இரண்டு வருட வாடகையையும் அதன் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விற்றுவிடுவதே பல வீடுகளில் லாபம்.

வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்லும் மதிப்பீடு ஒன்றாகவும், கட்டி முடித்தபின் போடும் கணக்கு வேறாகவும் இருக்கும். 'இத்தனை கன அடிக்கு மேல் வாடகை கிடையாது' என்று உச்சவரம்பு எழுதி வாங்குங்கள். வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, விலை சொல்லும்போது அதைச் சேர்க்க மாட்டார்கள். வருடாந்திர உயர்வு எத்தனை சதவீதம், முன்கூட்டியே எடுத்தால் அபராதம் உண்டா, எடுக்கும் நாளில் இறக்குக்கூலி யார் தலையில் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். ஃபோனில் வந்த பதில் பிறகு செல்லாது.

இனி, எல்லாவற்றிலும் அதிகமாக வயிறெரிந்த இடம். சாமான் கட்டும்போது ஒருவர் பட்டியல் எழுதிக்கொண்டே வருவார். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே 'கீறல்', 'பழையது', 'ஒடுங்கியது' என்பதற்கான சுருக்கெழுத்து இருக்கும். புதுச் சாப்பாட்டு மேஜைக்கும் கீறல் என்றே எழுதியிருந்தார்கள். திரும்பி வந்தபோது அதன் கால் உடைந்திருந்தது. கேட்டால், பட்டியலைக் காட்டி அது ஏற்கெனவே சேதமான பொருள் என்கிறார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் கையெழுத்து இருப்பதுதான் அவர்களுக்கு அரண். வரிவரியாகப் படித்து, தவறான குறியை அடித்து, பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் போடுங்கள். ஆட்கள் அவசரப்படுத்துவார்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம். நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து அன்றைக்கே அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பெட்டிக்குள் இருப்பதைக் குறிக்காமல் 'அட்டைப்பெட்டி 14' என்று மட்டும் எழுதினால், தொலைந்தது மிக்ஸியா பழைய துணியா என்று நிரூபிக்க வழியில்லை.

சென்னையில் சாமானுக்கு முதல் எதிரி ஈரம். மரச் சாமானை ஸ்ட்ரெட்ச் ஃபிலிமில் இறுகச் சுற்றி மாதக்கணக்கில் வைத்தால், உள்ளே சிக்கிய ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பயணத்துக்கு மட்டும் ஃபிலிம் இருக்கட்டும், குடோனில் இறக்கியதும் கிழித்துவிட்டுப் பழைய பருத்தி வேட்டியால் மூடச் சொல்லுங்கள். மெத்தைக்கும் அதே விதி, அதைப் படுக்கவைத்துத்தான் வைக்க வேண்டும், செங்குத்தாக நிறுத்தினால் உள்ளே சரிந்து வடிவம் கெட்டுவிடும். ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து, பனி உருகியபின் துடைத்து, கதவு இரண்டு விரல் இடைவெளியில் திறந்திருக்கும்படி கட்டி வைக்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது கழற்றிய டிரான்சிட் போல்ட்டுகளைத் திரும்பப் பூட்டாமல் லாரியில் ஏற்றினால் டிரம் ஆடி அடிவாங்கும். வெட் கிரைண்டரின் குழவிக்கல்லைத் தனியாக எடுத்துச் சுற்றுங்கள். ரிமோட், கடிகாரம் எல்லாவற்றிலும் பேட்டரியைக் கழற்றுங்கள், கசிந்தால் அந்தப் பொருளே போய்விடும். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் செத்துப்போகும், கடையில் கொடுத்துவிடுவதே மேல். சமையல் எரிவாயு சிலிண்டரை எங்கும் ஏற்க மாட்டார்கள். ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, அதற்கான வவுச்சரைப் பத்திரப்படுத்துங்கள்.

புத்தகத்தைச் சின்னப் பெட்டியில், 15 கிலோவுக்குள் கட்டுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் அடி பிய்ந்துகொள்ளும். உங்கள் அறையாக இருந்தால் எதையும் தரையில் நேராக வைக்காமல் நாலு அங்குலப் பலகைமேல் வையுங்கள், சுவரிலிருந்தும் அதே இடைவெளி விடுங்கள். கரையான் ஏறினால் அப்போதுதான் கண்ணில் படும். நடுவே இரண்டடி நடைபாதை விட்டு, பெட்டி எண் அந்தப் பக்கம் தெரியும்படி அடுக்குங்கள். கடற்காற்று உள்ள ஊரில் இரும்புப் பூட்டு துருப்பிடித்துச் சாவி சுழலாது, பித்தளைப் பூட்டு வாங்குங்கள்.

இடம் பார்க்கும்போது, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். குடோன்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளம் வேண்டவே வேண்டாம். காப்பீட்டில் புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பாலிசியில் 'எஸ்டிஎஃப்ஐ' (STFI, புயல், வெள்ளச் சேதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்) என்ற வரியைத் தேடிப் பாருங்கள். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். 6 லட்சம் பெறும் சாமானை 3 லட்சம் என்று காட்டினால், 1 லட்சம் நஷ்டத்துக்கு 50 ஆயிரம்தான் தருவோம் என்று சொல்ல பல பாலிசிகளில் இடமுண்டு. லாரியில் போகும்போது ஏற்படும் சேதத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

சேதம் பற்றிப் பேசும்போது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். தன் பொருளை ஒரு சாதாரண விவேகி எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனத்தைப் பொருளை ஏற்றவர் காட்ட வேண்டும் என்கிறது அது. நாங்கள் எழுதிய பிறகுதான் மேஜைக்கால் பற்றிய பேச்சே நகர்ந்தது, தச்சர் செலவைக் கொடுத்தார்கள். பொருளைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்ட குடோன்காரருக்குத்தான் இது நேராகப் பொருந்தும். உங்கள் பூட்டுப் போட்ட அறை என்றால், இடத்தை மட்டுமே கொடுத்தோம் என்று ஒப்பந்தத்தில் தப்பித்துக்கொள்வார்கள்.

சாமான் வீட்டுக்கு வந்ததும் 'நல்ல நிலையில் பெற்றேன்' என்ற தாளை நீட்டுவார்கள். 'பெட்டிகள் பிரித்துப் பார்க்கப்படவில்லை' என்று கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாக்கி இல்லை என்ற கடிதத்தையும், முன்பணம் எந்தத் தேதிக்குள் திரும்பும் என்பதையும் அன்றைக்கே மின்னஞ்சலில் வாங்குங்கள். யுபிஐ ஆட்டோபேயை நீங்களே உங்கள் செயலியில் ரத்து செய்ய வேண்டும். காலி செய்த பிறகும் அடுத்த மாத வாடகை எங்கள் கணக்கிலிருந்து போனது, திரும்பக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.