ரோமில் ஒரு முறைப்பு, மூன்று சுப்ப்ளி

ரோமில் முதல் அடி டாக்சியில் விழுந்தது. விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு இவ்வளவுதான் என்று வண்டிக் கதவிலேயே எழுதியிருக்கிறது. அப்படியும் பெட்டிக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஓட்டுநர் பதினைந்து யூரோ கூடப் பிடுங்கிவிட்டார். சண்டை போட இத்தாலியன் தெரிய வேண்டுமே! இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு போச்சு.

அந்தக் கடுப்போடுதான் மறுநாள் டோரியா பாம்ஃபிலி கலைக்கூடத்துக்குப் போனேன். கோர்சோ தெருவில் பழைய பிரபு குடும்பத்து மாளிகை. டிக்கெட் விலையை ரூபாயில் கணக்குப் போட்டிருக்கக் கூடாது, போட்டுவிட்டேன். சுவரெல்லாம் படங்கள் நெருக்கியடித்துத் தொங்குகின்றன. நான் வந்தது ஒரே ஒரு படத்துக்கு.

சின்ன அறை. நுழைந்ததும் போப் பத்தாம் இன்னொசென்ட் முறைக்கிறார். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1650 வாக்கில் ரோமுக்கு வந்திருந்தபோது வரைந்தது. திரை சிவப்பு, நாற்காலி சிவப்பு, மேலங்கி சிவப்பு, தொப்பி சிவப்பு. போதாததற்கு முகமும் சிவந்திருக்கிறது. வயது எழுபத்தைந்தை ஒட்டி. உதடு இறுகியிருக்கிறது, கண் மட்டும் ஓரமாக நம்மேல். இந்தப் பார்வையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். அந்தப் பதினைந்து யூரோவை வாங்கும்போது கண்ணாடி வழியே டாக்சிக்காரர் பார்த்த அதே பார்வை!

ஆனால் என்னை நிறுத்தியது கை. மோதிரம் போட்ட வலது கை நாற்காலிப் பிடியில் சாவகாசமாகக் கிடக்கிறது. முகத்தில் அவ்வளவு விறைப்பு, கையில் அலட்டலே இல்லை. எழுந்து வந்து மிரட்ட வேண்டிய அவசியம் இல்லாத ஆள். இடது கையில் மனு மாதிரி ஒரு தாள், அதில் வெலாஸ்கெஸ் தன் பெயரையே எழுதி வைத்திருக்கிறார். குசும்பு. படத்தைப் பார்த்துவிட்டு 'அளவுக்கு மீறி உண்மை' என்று போப்பே சொன்னதாக ஒரு கதை உண்டு. சொல்லியிருப்பார்.

இதே போப்பை சிற்பி பெர்னினி பளிங்கில் செதுக்கியதும் இங்கேயே இருக்கிறது. வேலைப்பாடு அபாரம்தான். ஆனால் அலங்காரம் முடித்த உற்சவர் மாதிரி இருக்கிறார். அவர் யாரையும் சந்தேகப்படுவார் என்று தோன்றவில்லை.

திறக்கும் நேரம், போகும் வழி எல்லாம் எழுதுவதாக இருந்தேன். அப்புறம் பார்க்கலாம், சுப்ப்ளி பற்றிச் சொல்லியாக வேண்டும். தக்காளிச் சோற்றை உருட்டி, நடுவில் சீஸ் வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. சூட்டோடு பிய்த்தால் சீஸ் நூலாக இழுபடும். ஒன்றோடு நிறுத்தத்தான் நினைத்தேன். மூன்று தின்றேன், அறைக்கு நடந்தே போனேன்.