படகில் தண்ணீர் நிற்கும் இடமும் நுழையும் இடமும்

சிறு படகில் தண்ணீர் கசிகிறது என்றால், பெரும்பாலோர் முதலில் கையில் எடுப்பது சிலிகான் குழலையோ எம்-சீலையோதான். தண்ணீர் தேங்கி நிற்கும் மூலையைச் சுற்றிப் பூசுகிறார்கள். மறுநாளும் அங்கேயே தண்ணீர் நிற்பதைக் கண்டு, அதன்மேல் இன்னோர் அடுக்குப் பூசுகிறார்கள். ஏலகிரி மலையில் நண்பர் ஒருவர் நடத்தும் தங்கும் விடுதியின் குளத்தில் கிடந்த பைபர் படகு, இப்படி அடுக்கடுக்காகப் பூச்சு வாங்கிய பிறகுதான் என் பார்வைக்கு வந்தது. இராணிப்பேட்டையில் இரசாயனத் தொட்டிகளுக்கு பைபர் போடுவது என் தொழில். தொட்டிக்கும் படகுக்கும் அதே ரெசின் (இறுகும் பிசின்), அதே மேட் (கண்ணாடி இழை விரிப்பு)தான். ஆனால் தொட்டியில் நீர் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது; படகில் அது வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. தேடும் முறையை இந்த ஒரு வேறுபாடு பெரிதும் மாற்றிவிடுகிறது.

படகு ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம் கொண்டது. துடுப்புப் போட்டுச் செலுத்துவது. வெளியே ஓர் ஓடு, உள்ளே ஓர் ஓடு, இரண்டுக்கும் இடையே வெற்றிடம், அதில் ஆங்காங்கே மிதப்புக்காக அடைத்த நுரை. “அண்ணா, மழையே இல்லன்னாலும் காலைல பார்த்தா பின் சீட்டுக்கு அடியில தண்ணி நிக்குது. கெஸ்ட்டுங்க ஏறி ஓட்டுன அன்னிக்கு இன்னும் ஜாஸ்தி” என்றார், படகைக் கவனித்துக்கொள்ளும் தம்பி. அவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்தில்தான் பாதி விடை இருந்தது என்பது பிறகு தெரிந்தது. அதுவரை எல்லோருடைய ஐயமும் பின்பக்கப் பலகையில் இருக்கும் வடிகால் அடைப்பானின் மேல்தான் இருந்தது. அதைக் கழற்றிப் பார்த்தோம். ரப்பர் வளையமும் மரையும் நல்ல நிலையில் இருந்தன.

ஓட்டு வீட்டில் ஓடு உடைந்த இடத்துக்கு நேர்கீழே மழைநீர் சொட்டுவதில்லை. அது சட்டத்தைப் பிடித்து ஓடி, எங்கோ ஒரு மூலையில் இறங்குகிறது. இரட்டை ஓடுள்ள படகிலும் இதுவே நடக்கிறது. நீர் எங்கு நுழைந்தாலும் இரு ஓடுகளுக்கும் இடையே வழிந்து, படகின் தாழ்ந்த பகுதிக்குப் போய் நிற்கிறது. ஆகையால் தண்ணீர் நிற்கும் இடம், படகு எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை.

துளை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. நீர்மட்டத்திலிருந்து 15 செ.மீ. ஆழத்தில் 6 மி.மீ. போல்ட் துளை ஒன்று திறந்திருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர், அதாவது மணிக்கு நூறு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் உள்ளே வரும். ஓர் இரவு முழுவதும் சேர்ந்தே ஒரு வாளி அளவுதான் நிற்கிறது என்றால், வழிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய துளைதான். அதைக் கண்ணால் தேடிப் பயனில்லை. தண்ணீரையோ காற்றையோ செலுத்தி அதைத் தன்னைக் காட்டிக்கொள்ளச் செய்ய வேண்டும்.

முதலில், வருவது குளத்து நீர்தானா என்பதை உறுதி செய்துகொண்டோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டுவிட்டுப் பெய்யும் மலையில், விளிம்பு ரப்பருக்கு அடியில் நுழையும் மழைநீரும் அதே பின்மூலையில்தான் வந்து நிற்கும். இரண்டு ஓடுகளின் இடைவெளியையும் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, படகு முழுவதையும் தார்ப்பாயால் மூடி, ஆள் ஏற்றாமல் ஓர் இரவு மிதக்கவிட்டோம். காலையில் கொஞ்சம் நீர் இருந்தது. பிறகு இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களை எடைக்காக அடுக்கினோம். பின்பக்கம் அடுக்கியபோது நீரின் அளவு பெரிதாக மாறவில்லை. அதே கேன்களை முன்பக்கம் அடுக்கியபோது பலமடங்கு கூடியது. ஆகவே நுழைவழிகள் இரண்டு: எப்போதும் நீருக்கடியில் இருக்கும் சிறிய வழி ஒன்று, முன்புறம் தாழும்போது மட்டும் நீரில் மூழ்கும் வழி இன்னொன்று. தண்ணீர்க் கேன்களைக் கொண்டு செய்யும் இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. நான் அறிந்த சோதனைகளில் இதைத்தான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஏனெனில் படகு உண்மையாகப் பயன்படும் நிலையிலேயே, நீர் உண்மையாகத் தள்ளும் திசையிலேயே இது விடை தருகிறது.

அதன்பின் படகைச் சிறிய சரக்கு வண்டியில் ஏற்றி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இராணிப்பேட்டைக்குக் கொண்டுவந்தோம். பழைய டயர்களின் மேல் கிடத்தி, வெளி ஓட்டைத் துடைத்து உலர்த்தி, சுண்ணத்தூளைத் துணியால் தடவினோம். சோதனை மூடியைத் திறந்து இரு ஓடுகளுக்கும் நடுவில் தண்ணீர் ஊற்றினோம். இங்கே எச்சரிக்கை தேவை. இந்த அளவுள்ள படகில் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பினாலே இருநூறு கிலோ எடை சேர்ந்துவிடும். தரையில் தாங்கல் போதாவிட்டால் சோதனையே புதிய விரிசலை உண்டாக்கும். சிறிது நேரத்தில் அடிப்பகுதியின் நடுவே, நீளவாக்கில் திருகால் பொருத்தியிருந்த அலுமினியப் பட்டையின் ஓரத்தில் சுண்ணத்தூள் கறுத்தது. பட்டையைக் கழற்றியதும், ஒரு திருகுத் துளையிலிருந்து மெல்லிய விரிசல் ஓடுவது தெரிந்தது. கரையிலுள்ள கல் படியில் படகை இழுத்து ஏற்றியதன் விளைவு அது.

முன்பக்க வழிக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க முடியாது. அது அவ்வளவு உயரத்தில் இருந்தது. ப்ளோயரின் காற்றை மூடித் துளை வழியாக மெதுவாகச் செலுத்தி, வெளியே சோப்பு நீரைப் பூசினோம். கயிறு கட்டும் முன்வளையத்தின் அடியில் குமிழிகள் எழுந்தன. காற்றுக்குக் கம்பிரசரை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. பார் என்ற அழுத்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ ஒரு டன் விசையாகும். படகின் ஓடு அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதில்லை.

வளையத்தைக் கழற்றியபோது, அதன் பின்னால் வைத்திருந்த பிளைவுட் துண்டு ஊறிக் கறுத்திருந்தது. இத்தகைய இடத்தில் சீலண்டை (கசிவை அடைக்கும் பசையை) மட்டும் நம்புவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. மரத்தை மாற்றி, போல்ட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிய துளையிட்டு, அதைக் கெட்டிப்படுத்திய எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவே சரியான அளவில் துளையிட்டோம். இனி சீலண்ட் தேய்ந்தாலும் நீர் மரத்தைத் தொடாது. துளையின் வெளிவாயைச் சற்றே சாய்த்துக் குடைந்தோம்; அந்தக் குழியில் தங்கும் பாலியூரித்தேன் சீலண்ட் போல்ட்டைச் சுற்றி ஒரு வளையமாக அமைகிறது. நட்டை முதலிலேயே முழுவதும் இறுக்கினால் சீலண்ட் எல்லாம் பிதுங்கி வெளியேறிவிடும். ஆதலால் ஓரத்தில் சிறிது பிதுங்கும் வரை மட்டும் இறுக்கி, அது கெட்டியானபின், போல்ட் சுழலாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் திருப்பினோம்.

சிலிகானை நான் படகில் தவிர்க்கிறேன். அது விட்டுச்செல்லும் மெல்லிய படலத்தின் மேல் பெயிண்டும் பிடிக்காது, ரெசினும் பிடிக்காது. முன்பு பூசிய அடுக்குகளைச் சுரண்டி எடுக்கத்தான் இந்த வேலையில் மிகுதியான உழைப்பு சென்றது.

விரிசலுக்கு மேலே ஒரு துண்டு மேட்டை ஒட்டிவிடுவது பழுதுபார்ப்பு ஆகாது. ஓட்டின் தடிப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும், 4 மி.மீ. தடிப்பு என்றால் விரிசலின் இருபுறமும் ஏறத்தாழ 5 செ.மீ. அதற்கு முன் பைபர் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி வெயிலில் விட்டால், உள்ளே ஈரம் இருக்கும்வரை தாளின் அடியில் துளிகள் படியும். அந்த வகையில் இராணிப்பேட்டை வெயில் பெரிய உதவி. அதே வெயில் ரெசினுக்குப் பகை; நண்பகலில் கலந்தால் பிரஷ் எடுப்பதற்குள் கிண்ணத்திலேயே இறுகிவிடும். விடியற்காலையில் சிறிது சிறிதாகக் கலந்தோம்.

பழைய பைபரில் பாலியஸ்டர் ரெசினைவிட எபாக்சி ரெசின் உறுதியாகப் பிடிக்கும் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தோம். சாதாரண மேட்டின் இழைகளைப் பிணைக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரினில்தான் கரையும். எபாக்சியோடு நெய்த கண்ணாடித் துணியைப் பயன்படுத்துவதே முறை. வீட்டில் பாலியஸ்டரைக் கொண்டு செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் அதை இறுகச் செய்யும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே, நூறு கிராமுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் அளவில் கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்க என் பட்டறையில் யாரையும் விடுவதில்லை.

ஊறியிருந்த நுரையில் கைக்கு எட்டியதை வெட்டி எடுத்துப் புதியது வைத்தோம். எட்டாததை மூடியைத் திறந்துவைத்து உலரவிட்டோம். மலைக்குத் திரும்பியபின், கேன்களை முன்பக்கம் அடுக்கி, தார்ப்பாய் மூடி, மறுபடி ஓர் இரவு மிதக்கவிட்டோம். காலையில் இடைவெளிக்குள் செய்தித்தாளை விட்டுத் துடைத்துப் பார்த்ததில் ஈரம் ஒட்டவில்லை.

முன்வளையம் தளர்ந்ததற்குக் காரணம், படகைக் குட்டையான ஒரே கயிற்றில் கம்பத்தோடு கட்டியதுதான்; காற்று வீசும்போதெல்லாம் அது வெடுக்கென்று இழுபட்டிருக்கிறது. இப்போது முன்னும் பின்னுமாக இரண்டு கயிறுகளைச் சற்று நீளம் விட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறேன். கல் படியின் விளிம்பில் பழைய டயர்த் துண்டுகளையும் பதித்தாயிற்று.