செம்புத் தகட்டில் ஒரு நிச்சோ: கதவு வரை வந்தாயிற்று

நான் இருப்பது டெக்சஸின் சான் அன்டோனியோவில். பக்கத்து வீட்டு அம்மா மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலத்துக்காரர். அவருடைய அப்பா, செம்பு வேலைக்குப் பேர்போன சான்டா கிளாரா தெல் கோப்ரேயில் காலமெல்லாம் சம்மட்டி பிடித்தவர். இறந்தவர்கள் வீடு தேடி வருவதாக நம்பும் நவம்பர் 1, 2 தேதிகளில் அங்கே வீட்டுக்கு வீடு படையல் மேடை போடுவார்கள். ஒஃப்ரெந்தா என்பார்கள். அப்பா படத்தை அதில் வைக்க ஒரு நிச்சோ செய்து தருகிறேன் என்று நானாகவே வாயைக் கொடுத்துவிட்டேன்.

நிச்சோ என்பது கதவு வைத்த சின்ன மாடம், அவ்வளவுதான். உள்ளே படமோ சாமி உருவமோ இருக்கும். வழக்கமாகத் தகரத்தில் செய்வார்கள். விலை குறைவு, கத்திரியிலேயே வெட்டலாம், மேலே பளிச்சென்று பெயின்ட் அடிக்கலாம். ஆனால் செம்பு அடித்த மனிதருக்குத் தகரத்தில் மாடம் செய்ய மனசு வரவில்லை. அந்த ஊரில் பழைய மின்கம்பிச் செம்பை உருக்கிக் கட்டியாக்கி, நாலைந்து பேர் சுற்றி நின்று தாளம் தப்பாமல் அடித்துத்தான் அண்டா, குடம் எல்லாம் செய்கிறார்கள். அந்தக் கைவேலைக்கு நான் எங்கே போவது? எனக்குக் கொஞ்சம் பழக்கமானது அமிலத்தால் அரித்துப் படம் எடுப்பது. பழைய சர்க்யூட் போர்டு வேலை கொடுத்த பழக்கம்.

தகடு 24 கேஜ், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர் கனம். இதைவிட மெலிந்தால் அரித்த பிறகு கதவு வளையும், தடித்தால் மடிக்க உயிர் போகும். உயரம் 9 அங்குலம், அகலம் 6, ஆழம் 2.

நேரம் பிடித்தது கதவில் அரிக்கும் படத்தில்தான். இந்த நாளுக்கென்றே வரையும் மண்டையோட்டுப் படங்கள் என்றாலே ஹோசே குவாதலூப்பே போசாதா நினைவுக்கு வருவார். பூத்தொப்பி போட்ட அந்தச் சீமாட்டி எலும்புக்கூடு அவர் போட்டது. 1913-ல் இறந்துபோனவர். துத்தநாகத் தகட்டில் அமிலம் தீண்டாத மையால் வரைவார். மை பட்ட இடம் மேடாக நிற்கும், மற்றதை அமிலம் தின்றுவிடும், அந்த மேட்டில் அச்சு மை தடவிக் காகிதத்தில் அழுத்துவார்கள். நான் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். மைக்குப் பதில் லேசர் பிரிண்டர் டோனர். ஆனால் அவருக்குத் தகடு ஒரு கருவி, எனக்குத் தகடுதான் படம். அங்கே மேடு கறுப்பாக அச்சாகும், இங்கே மேடுதான் பளபளக்கும், பள்ளம் கறுக்கும். அவர் பாணிக் கோட்டுப்படத்தை அப்படியே ஏற்றினால் எலும்பெல்லாம் கறுப்பாகவும் கோடுகள் மட்டும் மின்னுவதாகவும் வரும். அதனால் எலும்பை டோனரால் நிரப்பி, பின்புலத்தை வெறுமையாக விட்டேன். அப்புறம், தாளிலிருந்து தகட்டுக்கு ஏற்றும்போது படம் திரும்பிவிடும், அதனால் இடம் வலம் மாற்றி அச்செடுக்க வேண்டும். எழுத்து இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

டோனர் பெரிய பரப்பாக இருந்தால் ஊசிமுனை ஓட்டைகள் விழும், அந்த வழியாக அமிலம் உள்ளே போய்விடும். அதற்குத் தப்பிக்க விலா, இடுப்பு எல்லாவற்றையும் கோடு கோடாகப் போட்டேன். ஆனால் கோடு ரொம்ப மெலியவும் கூடாது, அமிலம் கீழ்நோக்கி மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தின்னும். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டை நம்பவில்லை. இடது கதவில் பூத்தொப்பிக்காரி, வலது கதவில் உலைமுன் சம்மட்டி ஓங்கிய எலும்புக்கூடு. உயிரோடு இருந்தபோது செய்ததையே எலும்புக்கூடும் செய்யும், மெக்சிகோக்காரர்களின் குசும்பே அதுதான். அந்த அம்மா வரைபடத்தைப் பார்த்ததும், "அப்பா இடதுகைக்காரர்" என்றார். சம்மட்டியைக் கை மாற்றினேன்.

முதலில் தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். செம்பு இப்படித்தான் இளகும். மேலே படிந்த கரிக்கு நம்மூர் வைத்தியம், புளி போட்டுத் தேய்த்தேன். கடைசியில் சோப்பு. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவ வேண்டும், அப்போதுதான் எண்ணெய்ப்பசை போனது என்று அர்த்தம். வழவழப்பான பத்திரிகைத் தாளில் அச்செடுத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, ஊறவைத்து, தாளைக் கட்டைவிரலால் உரித்தெடுத்தேன். விட்டுப்போன இடங்களுக்கு நெயில் பாலிஷ், முதுகுப்பக்கத்துக்கு பேக்கிங் டேப்.

அரிப்பான் ஃபெரிக் குளோரைடு, கூடவே கொஞ்சம் சிட்ரிக் அமிலம். பிளாஸ்டிக் தட்டில்தான் ஊற்ற வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க்கையும் தின்னும், பட்ட துணியில் கறை போகவே போகாது. கையுறை, கண்ணாடி, திறந்த கதவு கட்டாயம். தட்டை வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சுமார் 45 டிகிரியில் வைத்திருந்தேன். தகட்டைக் குப்புற மிதக்கவிட வேண்டும், அரிந்த கசடு தானே கீழே விழும். நிமிர்த்திப் போட்டால் கசடு பள்ளத்திலேயே உட்கார்ந்து வேலையைத் தடுக்கும். இறக்கும்போது சாய்த்து இறக்கினால் காற்றுக்குமிழி சிக்காது. ஒன்றரை மணி நேரத்தில் விளிம்பில் நகம் நன்றாகத் தட்டுப்பட்டது, எடுத்து ஆப்ப சோடா தண்ணீரில் போட்டேன்.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது பெட்டியின் மடிப்பு. உட்பக்கச் சுவரில் செம்பசூசில் பூ வேண்டும், நம் ஊர் செண்டுமல்லியேதான், அதன் பூர்வீகம் மெக்சிகோ. பூவை அரிக்கும்போதே மடிப்பு வரும் இடங்களில் ஒரு மில்லிமீட்டர் அகலக் கோடுகளையும் சேர்த்து அரித்துவிட்டேன். அப்புறம் மரக்கட்டை விளிம்பில் வைத்து மரச்சுத்தியால் தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி கோட்டிலேயே மடிகிறது.

கறுப்புக்கு லிவர் ஆஃப் சல்ஃபர், செம்பைக் கறுக்க வைக்கும் கந்தகக் கலவை. அழுகிய முட்டை நாற்றம், வீட்டுக்குள் செய்தால் விரட்டிவிடுவார்கள். முழுவதும் கறுத்த பிறகு உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி மேலோட்டமாகத் தேய்த்தால் எலும்புகள் மட்டும் செக்கச்செவேலென்று எழுந்து வரும். தாளை விரலில் சுற்றித் தேய்க்காதீர்கள், விரல் பள்ளத்திலும் இறங்கிக் கறுப்பை எடுத்துவிடும்.

மூலைகளை ஈயம் வைத்துப் பற்ற வைக்காமல் செம்பு ரிவிட் அடித்தேன். படையலில் நிஜ மெழுகுவத்தி எரியும். அந்தச் சூட்டில் ஈயம் உருகாதுதான், ஆனால் செம்பின் மேல் அந்த வெள்ளிக் கோடு கண்ணை உறுத்தும். லாக்கர் வார்னிஷும் அடிக்கவில்லை, மெழுகு மட்டும் தடவப்போகிறேன். வருஷா வருஷம் கொஞ்சம் களிம்பு ஏறினால் ஏறட்டும்.

இப்போது பாக்கி: வலது கதவின் கீல் இறுக்கமாக இருக்கிறது, உள்குழாயைக் கொஞ்சம் அராவ வேண்டும். படத்தைச் செருக மேலே ஒரு பிளவு வெட்ட வேண்டும், அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தன் அம்மா படத்தையும் பக்கத்தில் வைக்கணுமாம். தீர்ந்த ஃபெரிக் குளோரைடைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, அதில் கரைந்திருக்கும் செம்பு மீன்களுக்கு விஷம். மூடி போட்ட பிளாஸ்டிக் கேனில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன், நகராட்சி அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.