இது யாருடைய வெளிச்சம்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி முழிச்சிருக்கணுமா?" என்பதுதான். வேண்டாம் என்றேன். எங்கள் தொலைநோக்கி 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அது பூமியின் நிழலுக்குள் போகும் அரை மணி நேரத்தில் தன் பாட்டுக்குப் படம் எடுக்கும். நான் காலை பத்து மணிக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பைத் திறந்தால் போதும்.

அம்மாவுக்குச் சப்பென்று போய்விட்டது. "அப்போ கார்த்திகையையாவது பாப்பியா?"

அதுவும் முடியாது. நாங்கள் பயன்படுத்துவது ஆஸ்ட்ரோசாட் என்ற இந்திய விண்கலத்தில் இருக்கும் யூவிட் என்ற புறஊதாத் தொலைநோக்கி. கார்த்திகைக் கூட்டத்தில் இருப்பவை இளம் வயதுச் சூடான நட்சத்திரங்கள். புறஊதாவில் அவற்றின் பிரகாசத்தை எங்கள் டிடெக்டர் தாங்காது. அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. எந்தக் கொத்தைக் கேட்டு விண்ணப்பித்தாலும், தொலைநோக்கிக்குத் தெரியும் வட்டத்துக்குள் இப்படிப் பளிச்சென்ற நட்சத்திரம் ஏதும் இல்லை என்று முதலில் காட்டியாக வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரக் கொத்து எங்களுக்கு மட்டும் விலக்கப்பட்டது என்பதை அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு பெரியது.

நாங்கள் பார்ப்பது கிழடுதட்டிய கொத்துகள். எம் 67-க்கு வயது சுமார் 400 கோடி ஆண்டு. என்.ஜி.சி. 188-க்கு 700 கோடிக்குப் பக்கம். ஒரு கொத்தில் இருப்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிறந்தவை, ஒரே பந்தியில் உட்கார்ந்தவை. எடை கூடிய நட்சத்திரம் அவசரமாகத் தின்று முடித்து எழுந்துவிடும். எடை குறைந்தது நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆகவே வயதான கொத்தில் நீலமும் பிரகாசமுமாக எதுவும் மிஞ்சக் கூடாது. ஆனால் மிஞ்சுகிறது. பந்தி முடிந்து இலை எடுக்க வந்த பிறகும் நிறைந்த இலையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பது போல. 1953-ல் வானியலாளர் ஆலன் சாண்டேஜ் எம் 3 என்ற கோளக் கொத்தில் இவற்றைக் கண்டார். புளூ ஸ்ட்ராக்லர் என்று பெயர்.

இலை எப்படி நிறைந்தது? பக்கத்து இலையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டது என்பது ஒரு பதில். இரட்டை நட்சத்திரத்தில் ஒன்று வீங்கும்போது அதன் பொருள் மற்றதன் மேல் கொட்டுகிறது. என்.ஜி.சி. 188-ல் இருந்த 21 புளூ ஸ்ட்ராக்லர்களில் 16 இரட்டைகள் என்று 2009-ல் மாத்யூவும் கெல்லரும் காட்டினார்கள். இன்னொரு வழி, இரண்டு நட்சத்திரங்கள் மோதி ஒன்றாவது. எது நடந்தது என்று அறிய, பறிகொடுத்தவரைத் தேட வேண்டும். அது மையக்கரு மட்டும் மிஞ்சி, சின்னதாக, கொதிக்கக் கொதிக்க இருக்கும். சாதாரண ஒளியில், எடுத்துப் போட்டுக்கொண்ட பெரியவரின் வெளிச்சத்தில் அது காணாமல் போய்விடும். புறஊதாவில் 150 நானோமீட்டர் அலைநீளத்துப் பக்கம் போனால் நிலைமை தலைகீழ். 6,500 கெல்வின் உள்ள பெரியவர் மங்கிவிடுவார், சின்னது முன்னால் வரும். அந்த ஒளியை நம் காற்றிலுள்ள ஆக்சிஜன் தரைக்கு விடுவதில்லை, அதனால்தான் மேலே போக வேண்டியிருக்கிறது.

என்.ஜி.சி. 188 கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது வான வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்கப் பார்க்கலாம். எனவே கருவியின் உணர்திறன் குறைகிறதா என்று மாதாமாதம் சோதிக்க அதைத் தேர்ந்தெடுத்தார்கள். புறஊதாக் கண்ணாடியில் எண்ணெய்ப் பசையின் மெல்லிய படலம் படிந்தாலும் போச்சு. 2015 செப்டம்பர் 28-ல் ஏவிய பிறகு, விண்கலத்திலிருந்து கசியும் ஆவியெல்லாம் போகட்டும் என்று நவம்பர் கடைசி வரை தொலைநோக்கியின் கதவைத் திறக்கவே இல்லை. அப்படிப் பொத்திப் பொத்தித் திறந்து, சோதனைக்காகப் பார்த்த கொத்தில், ஒரு புளூ ஸ்ட்ராக்லருக்குப் பக்கத்தில் சுமார் 17,000 கெல்வின் சூட்டில் ஒரு துணை மாட்டியது. கட்டுரை 2016-ல் வந்தது. நான் வேலையில் சேருவதற்கு முன் நடந்தது இது. அதைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பக்கமே வந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, மேலிருந்து வருவது படமே இல்லை என்று. நொடிக்கு 29 சட்டகம் வீதம், எந்த ஒளித்துகள் எங்கே விழுந்தது என்ற நீண்ட பட்டியல் அது. விண்கலம் ஒரு இடத்தில் அசையாமல் நிற்காது, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பட்டியலை அப்படியே கொட்டினால் நட்சத்திரம் ஒவ்வொன்றும் எறும்பு ஊர்ந்த கோடாக இழுபட்டிருக்கும். கூடவே எடுக்கும் சாதாரண ஒளிப் படங்களை வைத்து அந்த நகர்வைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். கழித்ததும் கோடுகள் சுருங்கிப் புள்ளிகளாகும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். முழு நிலவுக்குக் கொஞ்சம் குறைவான வட்டம், அதற்குள் கொத்து மொத்தமும். ஹப்பிள் இதைவிடப் பல மடங்கு கூர்மைதான், ஆனால் அதற்கு ஒரு நேரத்தில் இதில் ஒரு துண்டுதான் தெரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கொத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வட்டத்தின் ஓரமாக ஒரு புளூ ஸ்ட்ராக்லர். புறஊதாவில் அது எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பிரகாசம். அகச்சிவப்பிலிருந்து புறஊதா வரை அளவுகளைக் கோத்து, இரண்டு வெப்பநிலை வைத்துப் பொருத்தினால் அச்சாகப் பொருந்துகிறது. பொருத்தம் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் கை-ஸ்கொயர் எண்ணும் சொன்னபடி கேட்டது. பறிகொடுத்து மையக்கரு மட்டும் மிஞ்சிய வெள்ளைக் குள்ளன்! மூன்று வாரம் சோறு தண்ணி மறந்து வேலை செய்தேன். வரைபடத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்கவே அரை நாள் போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அறையில் சீனியர் அக்கா ஒருவர் இருந்தார், வாணியம்பாடிக்காரர். காவலூர் மலை வானாய்வகத்தில் வருடக்கணக்கில் இரவு வேலை பார்த்தவர். படத்தைக் காட்டினேன். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாரோட வெளிச்சம்மா?" என்றார்.

"நட்சத்திரத்தோடதுதான் அக்கா."

"அதான், எந்த நட்சத்திரம்? வானத்தோட எத்தனை புள்ளியை வெச்சுப் பொருத்தினே?"

ஆறு. ஆறும் வட்டத்தின் நடுவில். யூவிட் படத்தில் எந்தப் புள்ளி வானத்தில் எங்கே என்பதை நாமேதான் தெரிந்த நட்சத்திரங்களை வைத்துப் பொருத்த வேண்டும். நடுவில் பிடித்த துணி ஓரத்தில் இழுத்துக்கொண்டு போவது போல, என் புள்ளி ஓரத்தில் 3 ஆர்க்செகண்ட் தள்ளியிருந்தது. நிலவின் விட்டம் சுமார் 1,800 ஆர்க்செகண்ட், அதில் மூன்று. ஓரத்தையும் சேர்த்து நாற்பது நட்சத்திரங்களோடு திரும்பப் பொருத்தினேன். வெளிச்சம் என் புளூ ஸ்ட்ராக்லரை விட்டு நகர்ந்து, பக்கத்தில் இருந்த மங்கலான ஒரு புள்ளியின் மேல் போய் உட்கார்ந்தது.

அது யார் என்று, நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா என்ற ஐரோப்பிய விண்கலத்தின் அட்டவணையில் தேடினேன். 2018 ஏப்ரலில் வந்த இரண்டாவது வெளியீட்டில் 130 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்கு, வானத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கின்றன என்ற கணக்கு இருந்தது. கொத்தைச் சேர்ந்தவை எல்லாம் திருவிழாவுக்குப் போகிற வண்டிகள் மாதிரி ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகும். இந்தப் புள்ளி எங்கும் போகவில்லை. அகச்சிவப்பு அளவுகளையும் சேர்த்துப் பார்த்ததில், அது நட்சத்திரமே இல்லை. எங்கோ தொலைதூரத்துக் கேலக்ஸியின் மையம், ஒரு குவாசார். என் கொத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நான் அதை ஒரு நட்சத்திரத்துக்குக் கட்டிவைத்து, வெப்பநிலை ஆரமெல்லாம் கணக்கிட்டு வைத்திருந்தேன்.

அக்கா திட்டவில்லை. "காவலூர்ல மேகம் வந்தா வெளியே போய்ப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம். இங்க மேகம் நம்ம கோப்புக்குள்ளேயே இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கூப்பிட்டார். எனக்கு டீ இறங்கவில்லை.

எனக்கு உறுத்தியது தவறு செய்தது அல்ல, எண்கள் அவ்வளவு அழகாகப் பொருந்தியதுதான். தப்பான வெளிச்சத்துக்கும் ஒரு சரியான விடை கிடைக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இப்போது வரைபடம் ரொம்ப அழகாக வந்தால் முதலில் கொஞ்சம் சந்தேகம்தான் வருகிறது. இது நல்ல குணமா என்று தெரியவில்லை, வீட்டிலும் இப்படித்தான் ஆகிவிட்டேன் என்று புகார் இருக்கிறது.

2018 மார்ச்சில் யூவிட்டின் அண்மைப் புறஊதா டிடெக்டர் வேலை செய்வதை நிறுத்தியது. அதன் பிறகு சேய்மைப் புறஊதா ஒன்றை வைத்துத்தான் ஓட்டுகிறோம். பொருத்துவதற்குக் கைவசம் உள்ள அளவுகள் குறைந்தன. ஏற்கெனவே எடுத்து வைத்த பழைய பட்டியல்களுக்கு மதிப்பு கூடியது. அவற்றைத்தான் புதிதாக வருகிற பிள்ளைகள் தோண்டுகிறார்கள்.

போன மாதம் ஒரு பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடிவந்தான். ஓரத்தில் ஒரு புளூ ஸ்ட்ராக்லர், புறஊதாவில் பல மடங்கு பிரகாசம். முகமெல்லாம் சிரிப்பு.

"எத்தனை நட்சத்திரம் வெச்சுப் பொருத்தினே?"

"ஐம்பத்திரண்டு அக்கா."

"ஓரத்துல?"

"ஓரத்துலேயே பதினேழு. கையாவும் பாத்துட்டேன், பக்கத்துல வேற எதுவும் இல்ல."

எனக்கு அடுத்த கேள்வி வரவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.