கேட்டவர்: ஏழாம் எண் கணினி

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தபோது, இணையவழித் தேர்வுகளுக்கும் காணொளிப் பாடங்களுக்கும் அப்பால் அந்தக் கணினிகளைக் கொண்டு வேறென்ன செய்யலாம் என்ற பேச்சு எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர்களிடையே எழுந்தது. திருச்செங்கோட்டுக்கும் பரமத்தி வேலூருக்கும் இடைப்பட்ட ஊர் எங்களுடையது. பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலானவை தறி, கோழிப்பண்ணை, லாரி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி என்று ஏதாவது ஒரு தொழிலை நம்பி இருப்பவை. அறிவியலைத் தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் பேசிப் பார்க்கும் வாய்ப்பு இந்தப் பிள்ளைகளுக்கு இயல்பாக அமைவதில்லை. அதற்காகத் தொடங்கியதுதான் நேரலை எழுத்து உரையாடல். ஒரு பாடவேளை முழுவதும் ஒரு துறையின் ஆய்வாளர் இணையத்தில் எங்களோடு இருப்பார். கணினிக்கு இருவராக அமர்ந்து மாணவர்கள் தட்டச்சு செய்து கேட்பார்கள். அவரும் எழுத்திலேயே விடை தருவார்.

இந்த முறைக்கு நெடிய முன்வரலாறு உண்டு. 1990களிலேயே நாசா தன் 'குவெஸ்ட்' திட்டத்தின் வழியாகத் தன்னுடைய ஆய்வாளர்களையும் பொறியாளர்களையும் பள்ளி வகுப்பறைகளோடு இணைய உரையாடலில் சேர்த்தது. பிரிட்டனில் நடக்கும் 'ஐ ஆம் எ சயின்டிஸ்ட்' திட்டம் இன்றும் எழுத்தையே நம்புகிறது. எந்த ஆய்வாளரின் விடைகள் பிடித்திருந்தன என்று மாணவர்களே அங்கு வாக்களிக்கிறார்கள். கணவாய் மீன் ஆய்வாளர் சாரா மெக்அனல்டி 2017இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்கைப் எ சயின்டிஸ்ட்' காணொளி வழியைத் தேர்ந்துகொண்டது. எழுத்து, காணொளி இரண்டையும் நடத்திப் பார்த்தவள் என்ற முறையில், எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தே ஏற்றது என்று உறுதியாகச் சொல்வேன். காணொளி என்றதும் வருகிறவர் படவில்லைகளோடு சொற்பொழிவுக்குத் தயாராகிவிடுகிறார். முன்வரிசையில் இருக்கும் நன்றாகப் பேசுகிற மூவர் நால்வர் மட்டும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் கைதட்டுவதோடு சரி. எழுத்தில் முன்வரிசை என்று ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, விசைப்பலகையில் எழுத்தைத் தேடித் தேடித் தட்டி, யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டுவிடுகிறது.

மாணவர் பெயர்களை நாங்கள் திரையில் காட்டுவதில்லை. கணினி எண் மட்டுமே தெரியும். ஆய்வாளரின் கைப்பேசி எண்ணும் பிள்ளைகளுக்குத் தரப்படுவதில்லை. எந்த வரியும் ஆசிரியர் ஒருவரின் பார்வைக்குப் பிறகே மறுபக்கம் போகும். இந்த ஒழுங்கில் நான் தளர்வு காட்டியதில்லை. பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த எண்முறை, கூச்சம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு மறைப்பாகவும் அமைந்துவிட்டது.

உரையாடலின் தரம் அதற்கு முந்தைய வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. தயாரிப்பின்றி உட்கார வைத்தால், கருந்துளை என்றால் என்ன, வேற்றுக்கிரகவாசிகள் உண்டா என்ற கேள்விகளே வரிசையாக வரும். அவற்றில் தவறில்லை, ஆனால் அவற்றுக்கு விடை சொல்ல ஓர் ஆய்வாளரின் முற்பகல் நேரத்தைக் கேட்டு வாங்கத் தேவையில்லை. எனவே வீட்டுத் தொழிலில் தாங்கள் பார்த்த, பெரியவர்களிடம் கேட்டும் விளங்காத ஒன்றை எழுதிக்கொண்டு வரச் சொல்கிறோம். அந்தக் கேள்விகளைப் படித்த பிறகுதான் யாரை அழைப்பது என்று முடிவு செய்கிறோம். ஆளை முதலில் பிடித்துவிட்டு, அவருக்கு ஏற்ற கேள்விகளைப் பிள்ளைகளிடம் இருந்து கறப்பது தலைகீழான வேலை என்பது என் எண்ணம்.

நிலவியல் ஆய்வாளர் ஒருவரை அழைக்கக் காரணமாக இருந்த கேள்வி ஒன்பதாம் வகுப்பு மாணவனுடையது. அவன் எழுதியதை அப்படியே தருகிறேன் (காடு என்பது எங்கள் பக்கத்தில் விளைநிலம்; புகை என்பது தண்ணீர் இல்லாதபோது எழும் பாறைத்தூள்): "எங்கப்பா ரிக் வண்டில போறாருங்க. ஒரு காட்டுல ஆயிரம் அடி போட்டாலும் புகைதான் வருது. பக்கத்துக் காட்டுல இருநூறு அடில தண்ணி வந்துருது. ரெண்டுலயும் பாறை ஒண்ணுதானுங்களே, ஏனுங்க?" இதை ஆய்வாளருக்கு அனுப்பும் முன், நிலத்தடி நீர் சீராகப் பரவாமைக்குக் காரணம் யாது என்று மாற்றிவிடலாம் என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். நான் ஒப்பவில்லை. திருத்திய வடிவத்தில் மதிப்பெண் இருக்கிறது. ஆனால் பாறை ஒன்றாக இருக்கும்போது பலன் ஏன் இரண்டாகிறது என்ற திகைப்பு போய்விடுகிறது. அந்தத் திகைப்புதான் கேள்வியே. எழுத்துப் பிழையைத் தவிர வேறெதையும் தொடாமல் ஏழாம் எண் கணினியிலிருந்து அதை அனுப்பினோம்.

மறுமுனையில் அவர் தட்டச்சு செய்வதைக் காட்டும் புள்ளிகள் திரையில் தோன்றி, நின்று, மறுபடி தோன்றின. ஆய்வகமே அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வந்த விடை சுருக்கமானது: "தம்பி, நீ சொல்வது சரி, பாறை ஒன்றுதான். உங்கள் பகுதியின் கடினப் பாறைக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. பாறையில் உள்ள வெடிப்புகளிலும் மேலே சிதைந்த பகுதியிலும்தான் தண்ணீர் இருக்கும். அப்பாவின் குழாய் வெடிப்பைத் தொட்டால் தண்ணீர், தொடாவிட்டால் புகை." அதோடு நில்லாமல் அவர் ஒன்றைத் திருப்பிக் கேட்டார்: "தண்ணீர் வரப்போவதை உன் அப்பா முன்கூட்டியே கண்டுபிடிப்பாரா?" பையன் கொஞ்சமும் தயங்காமல், மேலே வரும் பொடியின் நிறம் மாறுவதையும் சுத்தியல் சத்தம் மாறுவதையும் வைத்து அப்பா சொல்லிவிடுவார் என்று எழுதினான். தான் களத்தில் பார்ப்பதும் அதுவே என்று அவர் பதில் எழுதினார். அந்த நேரத்தில் மத்தியப் பிரதேசத்தில் குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருந்த அவன் அப்பாவின் அறிவு, அந்தக் கணத்தில் வகுப்பறைக்குள் மதிப்போடு வந்து அமர்ந்தது. இந்த வேலையில் எனக்கு மிகவும் நிறைவளித்த தருணம் அது.

அடுத்து வந்த தொடர்கேள்வியை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. இரண்டாம் எண் கணினியில் இருந்த மாணவி, ரிக் பொடி கையில் குத்துவதுபோல் இருக்கிறதே, காவிரி மணல் ஏன் அப்படி இல்லை என்று கேட்டாள். ஆற்று மணல் நெடுந்தூரம் உருண்டு முனை மழுங்கியது, ரிக் பொடி அப்போதுதான் உடைந்தது என்று விளக்கியவர், அங்கிருந்து பேச்சை நிலவுக்குக் கொண்டுபோனார். நிலவில் காற்றும் இல்லை, ஓடும் நீரும் இல்லை. விண்கற்கள் மோதி மோதித்தான் பாறை மண்ணாகிறது. அதனால் அங்குள்ள மண்துகள்கள் கூர்முனை மழுங்காமல் கிடக்கின்றன. நிலவின் மேட்டுநிலப் பாறை பெரும்பாலும் அனார்த்தசைட் வகை. அதே வகைப் பாறை எங்கள் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தையும் உலாவு வண்டியையும் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தபோது, இங்கிருந்து பாறையைக் கொண்டுபோய்த்தான் பொடியாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டிய பிள்ளைகள்தாம் இவர்கள். ஆயினும் தாங்கள் பேருந்தில் கடந்துபோகும் ஊரின் கல்லுக்கும் அதற்கும் உள்ள உறவு, தங்கள் கையில் உறுத்திய பொடியைப் பற்றிக் கேட்ட பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

தொடர்கேள்விக்கு இடம் வைப்பது எங்களிடம் கண்டிப்பான வழக்கம். முதல் கேள்வி நோட்டில் இருந்து வரலாம்; அடுத்தது ஆய்வாளரின் விடையைப் படித்த பிறகு மாணவருக்குத் தோன்றியதாக இருக்க வேண்டும். தமிழ்த் தட்டச்சு மெதுவாக நடப்பதால் பாடவேளைக்குள் கேள்விகளின் எண்ணிக்கை குறைந்துபோகும். அதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. பார்வையாளராக வந்த ஒருவர், இத்தனை மாணவர்களுக்கு இவ்வளவு குறைவான கேள்விகளா என்று வருத்தப்பட்டார். கேட்கப்பட்ட எல்லாவற்றையும் எல்லாரும் படிக்கிறார்கள் என்பதையும், உரையாடல் அச்செடுக்கப்பட்டு மறுநாள் வகுப்புக்கு வந்துவிடுகிறது என்பதையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

கோழியினத் துறையைச் சேர்ந்த கால்நடை மருத்துவ ஆய்வாளரோடு நடந்த உரையாடல், அந்த மறுநாள் வேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பண்ணையில் முட்டை பொறுக்கும் அம்மாவுக்கு விடுமுறை நாட்களில் உதவும் மாணவி, சித்திரை வெயிலில் முட்டை ஓடு மெலிந்து அதிகமாக உடைவது ஏன் என்று கேட்டிருந்தாள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை, அதனால் வாயைத் திறந்து இளைத்துத்தான் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. அப்படி இளைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது என்பதால், கார்பனேட்டுக்கு வேண்டிய பொருள் இரத்தத்தில் குறைந்து ஓடு மெலிகிறது என்று ஆய்வாளர் படிப்படியாக எழுதினார். வெயிலில் தீவனம் எடுப்பது குறைவதையும் சேர்த்துச் சொன்னார். வேதியியலும் உயிரியலும் தனித்தனிப் பாடங்களாகக் கிடந்த வகுப்பில், இரண்டும் ஒரு முட்டை ஓட்டில் சந்தித்தன. மறுநாள் பிள்ளைகள் உடைந்த ஓடுகளைக் கொண்டுவந்து, உட்சவ்வை உரித்து, பாடத்தில் படித்த திருகு அளவியால் தடிமனை அளந்தார்கள். 0.3 மில்லிமீட்டரை ஒட்டிய அளவுகள் கரும்பலகையில் ஏறின. ஒரே ஓட்டை அளந்த இருவருக்கு இரு வேறு அளவுகள் வந்தபோது, பிழை எங்கே நேர்ந்தது என்ற வாக்குவாதம் மணியடித்த பிறகும் தொடர்ந்தது. அட்டவணையை ஆய்வாளருக்கு அனுப்பினோம். மார்கழியிலும் இதே பண்ணையின் ஓடுகளை அளந்து அனுப்பச் சொல்லி அவர் கேட்டிருக்கிறார்.

அழைக்கத்தக்கவர்கள் கொங்கு நாட்டிலேயே நிறைய இருக்கிறார்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனமும், ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையமும் உள்ளன. பெயர்பெற்றவர்களைவிட, முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கும் இளம் ஆய்வாளர்கள் இதற்குப் பொருத்தமானவர்கள் என்று கண்டிருக்கிறேன். அவர்களுக்குக் களப்பணி நேற்று நடந்த செய்தி. தங்கள் சோதனை பலிக்காமல் போனதையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் வேண்டுவது, தமிழில் எழுத வேண்டும், ஒரு விடையை நான்கைந்து வரிக்குள் முடிக்க வேண்டும் என்பவை மட்டுமே.

இப்போது கேள்வி நோட்டில் தறி வீட்டுப் பிள்ளைகளின் கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. நாங்கள் பேசினால் அம்மா இரண்டு முறை கேட்கிறார்கள், தறிச் சத்தத்தால் காது மந்தமாகுமா, மந்தமானால் திரும்பச் சரியாகுமா என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள். பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டால் போதுமா என்று அதன் கீழே இன்னொரு கையெழுத்து. இந்தக் கேள்விகளை நேரே எதிர்கொள்ளக்கூடிய காது மருத்துவர் அல்லது செவித்திறன் வல்லுநர் ஒருவரை, வேலைநாள் முற்பகலில் ஒரு பாடவேளை ஒதுக்கித் தரும்படி கேட்டு, ஈரோட்டிலும் கோவையிலும் தேடிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்குத் தறி வீட்டு அம்மாக்களையும் ஆய்வகத்துக்கு அழைக்கத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார்.